தேக்கா பக்கத்து பாரில் எது நடக்கும், எது நடக்காது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுண்டரில் நின்றுகொண்டு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நம்ம கடை சின்னது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். பஸ் ஓட்டுகிற அண்ணன், கப்பல் பட்டறைத் தம்பி, பேங்கில் வேலை பார்க்கிற அக்கா, ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கீழே இருக்கிற பாதி விதிகள் அரசாங்கம் போட்டவை, மீதி நாங்கள் போட்டவை. எது யார் போட்டது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எப்போது திறப்பீர்கள், எப்போது மூடுவீர்கள்?

சாயங்காலம் திறப்போம். மூடுவது உரிமத்தில் எழுதியிருக்கிற நேரத்துக்கு. அதற்கு அரைமணி முன்னால் கடைசி ஆர்டர், அப்போது விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவோம். "அண்ணே, இன்னும் ஒன்னே ஒன்னு" என்று அதற்கப்புறம் கேட்காதீர்கள். நேரம் முடிந்த பிறகு மேசையில் சாராயம் இருப்பதைச் சோதனைக்கு வருகிற அதிகாரி பார்த்தால் மாட்டுவது நீங்கள் இல்லை, கடைதான்.

கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நின்று குடிக்கலாமா?

கூடாது. எந்த நேரத்திலும் கூடாது. உள்ளே போட்டிருக்கிற மேசை நாற்காலி வரைக்கும்தான் எங்கள் உரிமம். அஞ்சடி பொது இடம்.

இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2015 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூர் முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளம், பூங்கா, பஸ் நிறுத்தம் எல்லாமே பொது இடம்தான். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் மதுக் கட்டுப்பாட்டுப் பகுதி, அங்கே விதி இன்னும் இறுக்கம்: சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணிவரை பொது இடத்தில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. பொது விடுமுறைக்கும் இப்படியே உண்டு. முதல் தடவை பிடிபட்டால் சாதாரண இடத்தில் அபராதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும், கட்டுப்பாட்டுப் பகுதியில் அதில் ஒன்றரை மடங்கு. மறுபடியும் பிடிபட்டால் சிறையும் வரலாம்.

"2013 கலவரத்துக்காக நம்ம ஆளுங்க மேல போட்ட சட்டம்தானே இது?" என்று ஒரு மேசையிலாவது விவாதம் நடக்கும். 2013 டிசம்பர் 8, ரேஸ் கோர்ஸ் சாலை, பஸ் மோதி ஓர் இந்தியத் தொழிலாளர் இறந்தார், அதற்கப்புறம் வெடித்த கலவரம் எல்லாருக்கும் தெரியும். விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் குடியும் ஒன்று. ஆனால் 10.30 மணி விதி தீவு முழுக்கப் பொருந்துகிறது, கிளார்க் கீ பாலத்தில் உட்கார்ந்து குடித்த வெள்ளைக்காரரும் எழுந்துதான் போக வேண்டியதாயிற்று. வார இறுதிக் கட்டுப்பாடு நம்ம பேட்டையில் உறுத்துவது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு கிடைக்கிற ஒருவனுக்கு, திடலில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு டின் குடிப்பதற்கும் பாருக்கு வந்து குடிப்பதற்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று சட்டம் எழுதினவர்கள் யோசித்திருப்பார்களா, எனக்குச் சந்தேகம்தான். என் சந்தேகத்தால் உங்கள் அபராதம் குறையப் போவதில்லை. உள்ளேயே உட்காருங்கள்.

போகும்போது நாலு டின் கட்டிக்கொடுங்களேன்?

மாட்டோம். இங்கே உட்கார்ந்து குடிப்பதற்குத்தான் எங்களுக்கு உரிமம், எடுத்துப்போக விற்பதற்கு வேறு உரிமம். அந்த உரிமம் வைத்திருக்கிற கடைகளும் இரவு 10.30க்கு நிறுத்தியாக வேண்டும், கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் சனி ஞாயிறு என்றால் சாயங்காலம் 7 மணிக்கே.

எனக்கு நரைத்துவிட்டது, என்னிடமும் ஐசி (அடையாள அட்டை) கேட்பீர்களா?

உங்களிடம் கேட்க மாட்டோம், உங்களோடு வருகிற மருமகனிடம் கேட்போம். பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அரசாங்கச் செயலி சிங்பாஸில் இருக்கிற டிஜிட்டல் ஐசி போதும், வேலை அனுமதி அட்டை, பாஸ்போர்ட் எதுவானாலும் சரி. "போட்டோ எடுத்து வச்சிருக்கேன் அண்ணே" என்பது செல்லாது. தேசிய சேவையில் இருக்கிற தம்பிகள் சீருடையோடு வந்தால் உட்கார வைக்க மாட்டோம், போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். இது கடையின் விதி. ஓஆர்டி (தேசிய சேவை முடிகிற நாள்) கொண்டாட வருகிறவர்களுக்கு முதல் ஜக் கடைக் கணக்கில், இதுவும் கடையின் விதி.

ஒரு குவார்ட்டர் கிடைக்குமா?

ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இல்லை. இங்கே 180 மில்லி பாட்டிலாக எதுவும் தருவதில்லை. 30 மில்லி ஒரு பெக், 60 மில்லி டபுள், இல்லாவிட்டால் முழு பாட்டில். ஊரில் குவார்ட்டர் அடித்துப் பழகினவர் இங்கே ஆறு பெக் கேட்டு, பில் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். முதலிலேயே விலைப் பட்டியலைப் பாருங்கள். கூட்டமாக வந்தால் பீர் டவரோ பக்கெட்டோ எடுப்பது புத்திசாலித்தனம். நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் விஸ்கி எடுத்தால் பெக் கணக்கைவிட மலிவாகத்தான் வரும், ஆனால் நாலு பேரும் அதை ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு விலை? கொள்ளை அடிக்கிறீர்களா?

கொஞ்சம். மீதி வரி.

கணக்கு சொல்கிறேன். சிங்கப்பூரில் மதுவுக்குக் கலால் வரி போடுவது பாட்டில் எண்ணிக்கையை வைத்து இல்லை, அதற்குள் இருக்கிற சுத்த ஆல்கஹாலை வைத்து. விஸ்கி, பிராந்தி, ஒயினுக்கு ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. பீருக்கு 60 வெள்ளி, இறக்குமதி பீர் என்றால் சுங்க வரி இன்னொரு 16 வெள்ளி. நாற்பது சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் 280 மில்லி. அதற்கு வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு, பாட்டிலுக்கோ கப்பலுக்கோ வாடகைக்கோ இன்னும் ஒரு காசு சேர்க்கவில்லை. நீங்கள் வாயில் ஊற்றுகிற ஒவ்வொரு பெக்கிலும் ஒரு வெள்ளிக்கு மேல் நேராக அரசாங்கத்துக்குப் போகிறது. ஐந்து சதவீத பெரிய பீர் பாட்டில், 633 மில்லி, அதில் கலால் வரி ஏறக்குறைய 1 வெள்ளி 90 காசு. இதற்கெல்லாம் மேலே 9 சதவீத ஜிஎஸ்டி. வரிக்கும் வரி உண்டு.

பெரிய ஹோட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருக்கும்: முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் ஜிஎஸ்டி. நூறு வெள்ளி என்று நினைத்தது 119 வெள்ளி 90 காசாகி நிற்கும். நம்ம கடையில் பட்டியலில் இருப்பதுதான் கடைசி விலை. டிப்ஸ் கட்டாயமில்லை. வைத்தால் பெட்டியில் போட்டு எல்லா ஊழியர்களும் பிரித்துக்கொள்வோம், பாத்திரம் கழுவுகிற அக்காவும் சேர்த்து.

மிச்ச பாட்டிலை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா?

வைக்கலாம். பெயரும் தேதியும் எழுதி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கோடு போட்டு, போட்டோவும் எடுத்து உங்கள் போனுக்கே அனுப்பிவிடுவோம். மூன்று மாதம் வரை. அதற்கப்புறம் எங்கள் பொறுப்பில்லை. நண்பர் வந்து "அவன் பாட்டிலைக் கொடு, அவன் சொல்லிட்டான்" என்றால் கொடுக்க மாட்டோம், நீங்களே போன் போட்டுச் சொன்னால் கொடுப்போம். பாட்டிலால் பிரிந்த நட்புகளைப் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதி பாட்டிலால்.

ஜொகூரிலிருந்து வாங்கி வந்த பாட்டிலை இங்கே திறக்கலாமா? கார்க்கேஜ் (வெளிப் பாட்டிலைத் திறக்கிற கட்டணம்) கொடுக்கிறேன்.

வேண்டாம். வெளிச் சரக்கு எதுவும் உள்ளே வராது. இன்னொரு விஷயம், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவில் வரிச்சலுகையே கிடையாது. "ஒரு லிட்டர் வரைக்கும் ஃப்ரீ" என்பது வேறு நாடுகளிலிருந்து 48 மணி நேரம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரி கட்டாமல் கொண்டுவந்த பாட்டிலை என் மேசையில் வைத்துப் படம் பிடித்துப் போடாதீர்கள், தயவுசெய்து.

பெலாஞ்சா (மற்றவருக்கு வாங்கிக் கொடுப்பது) விஷயத்தில் என்ன வழக்கம்? யார் காசு கொடுப்பது?

சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் இதில்தான், குடியில் இல்லை.

நம்மவர்களுக்கு பில்லைப் பிரிப்பது என்றால் கூச்சம். மூத்தவர் கொடுப்பார், இல்லாவிட்டால் அழைத்து வந்தவர் கொடுப்பார், இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் வந்தவர் கொடுப்பார். அது நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஒரு ரவுண்டு வாங்கினதும் மற்ற நாலு பேரும் ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்கியே தீர வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஐந்து பேர் இருந்தால் ஐந்து ரவுண்டு. மூன்று போதும் என்று நினைத்து வந்தவனும் ஐந்து குடிக்கிறான், அவனிடம் காசு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சம்பளத்தில் முக்கால்வாசியை ஊருக்கு அனுப்புகிற தம்பி, பெரிய சம்பளக்காரர்களோடு உட்கார்ந்து அவனுடைய முறை வரும்போது பர்ஸைப் பார்க்கிற பார்வை எனக்குக் கவுண்டரிலிருந்தே தெரியும்.

அதனால் கடையில் சில ஏற்பாடுகள். பில்லை ஆள்வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தருவோம், போனிலேயே காசு அனுப்புகிற பேநவ் வந்த பிறகு இது சுலபம். நாம்தான் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர், ஆரம்பத்திலேயே கவுண்டருக்கு வந்து கார்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கடைசியில் பில்லைப் பிடித்து இழுக்கிற மல்யுத்தம் வேண்டாம், அதில் கிளாஸ்தான் உடைகிறது. ஒருவர் வாங்கிக் கொடுத்ததை அவருக்குத் திருப்பிச் செய்யாவிட்டால் மரியாதை இல்லை என்று இந்தக் கடையில் யாரும் நினைப்பதில்லை. இன்னொரு நாள் ஒரு தட்டு மட்டன் சுக்கா வாங்கி வையுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

அப்புறம், "என்னடா, ஒன்னுதானா? ஆம்பளையா நீ?" என்ற வசனம். குடிக்க மாட்டேன் என்றவரைக் கட்டாயப்படுத்துவது இங்கே நடக்காது. ஊழியர் காதில் விழுந்தால் அந்த மேசைக்கு வந்து லைம் ஜூஸ் வைத்துவிட்டுப் போவார், அந்த லைம் ஜூஸுக்குக் காசு கட்டாயப்படுத்தினவர் பில்லில் ஏறும். இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை, உண்மையாகவே ஏற்றுவோம்.

கணக்கு வைத்துக்கொள்ளலாமா? சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன்.

ஒரு ராத்திரிக்குள் கணக்கு ஓட்டலாம், மறுநாளைக்குக் கிடையாது. கடைக்குள் ஒருவருக்கொருவர் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆலோங் (கள்ள வட்டிக்காரன்) வாசனை அடித்தால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவோம்.

நான் உட்கார்ந்திருக்கும்போது அப்பா உள்ளே வந்துவிட்டால்?

சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே அடிக்கடி வருகிற கேள்வி. வீடு மாறிப் போனவர்களுக்கும் இதே பேட்டைதான் பழக்கம், அதனால் அப்பாவும் மகனும், மாமனாரும் மருமகனும், அண்ணனும் தம்பியும் ஒரே கடைக்கு வருவது நடக்கத்தான் செய்யும். நாற்பது வயது மகன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அப்பாவைப் பார்த்ததும் கிளாஸ் மேசைக்குக் கீழே போய்விடும். அந்த மரியாதையை நாங்களும் காப்பாற்றுகிறோம். பெரியவர் கதவுக்குப் பக்கத்தில் வரும்போதே ஊழியர் வந்து காதில் சொல்லிவிடுவார், பின்பக்க மேசை ஒன்று எப்போதும் இதற்காகவே காலியாக இருக்கும், தூணுக்கு அந்தப் பக்கம். பெரும்பாலும் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அவரும் பார்க்காதது போல் டிவியைப் பார்ப்பார். சில குடும்பங்களில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பார்கள், அதுவும் நல்லதுதான். எந்த வகை என்று நீங்களே சொல்லிவிடுங்கள், நாங்கள் ஊகிக்க மாட்டோம்.

வீட்டிலிருந்து போன் வந்தால் "இல்லை" என்று சொல்லிவிடுவீர்களா?

சொல்ல மாட்டோம். "இருக்கார்" என்றும் சொல்ல மாட்டோம். "ஒரு நிமிஷம் அக்கா" என்று சொல்லி போனைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்போம். அதற்கு மேல் உங்கள் பாடு.

பெண்கள் தனியாக வரலாமா?

தாராளமாக. வருகிறார்கள். இதைக் கேட்பது ஆண்கள்தான், வருகிற பெண்கள் யாரும் கேட்டதில்லை. தெரியாத பெண்ணின் மேசைக்கு டிரிங்க் அனுப்ப வேண்டுமானால் ஊழியர் முதலில் அவரிடம் கேட்பார், வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது, ஏன் என்று விளக்கம் கேட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. ஊழியர்களையும் "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டுக் கையைப் பிடிக்கிற வேலை வேண்டாம்.

வேலை உடையோடு, பூட்ஸோடு வரலாமா? சிலிப்பர்?

வரலாம். சிலிப்பரும் சரி, பெர்முடாவும் சரி. சேறு இருந்தால் வாசலில் கால்மிதியில் தேய்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவுதான். டை கட்டினவருக்கு ஒரு மேசை, தார் ஒட்டின கைக்கு ஒரு மேசை என்று இங்கே இல்லை. "அந்த ஆளுங்க பக்கத்துல உட்கார முடியாது" என்று எங்களிடம் முறையிட வருகிறவர்களுக்கு, ஆர்ச்சர்ட் பக்கம் நல்ல பார்கள் நிறைய இருப்பதாகச் சொல்லி வழி காட்டுவோம்.

பாடுகிறவர்களுக்கு மாலை போடுகிற கடையா இது?

இல்லை. மேடை, நடனம், மாலைக்கு விலை, அதெல்லாம் வேறு வகைக் கடை, அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரடியாகப் பாடவும் ஆடவும் கரோக்கே வைக்கவும் பொதுக் கேளிக்கை உரிமம் வேண்டும், அது எங்களிடம் இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், அவ்வளவுதான். நீங்கள் கூடப் பாடினால் தடுக்க மாட்டோம், ஆனால் மேசை மேல் ஏற வேண்டாம்.

பாட்டு கேட்டால் போடுவீர்களா?

போடுவோம், வரிசைப்படி. ஒன்பது மணிக்கு மேல் எண்பதுகளின் பாட்டு, இதில் பேரம் இல்லை, கேட்கப் பிடிக்காத இளசுகள் எட்டு மணிக்குள் வாருங்கள். மலாய்ப் பாட்டு, இந்திப் பாட்டு, மலையாளப் பாட்டு எல்லாம் ஓடும்.

போடாதவை இரண்டு: சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு. ஊரில் எந்த மாவட்டம், எந்தத் தெரு, எந்த ஆள் என்று நூல் பிடித்து விசாரிக்கிற பேச்சும் இங்கே வேண்டாம். "சும்மா ஒரு பாட்டுதானே" என்பார்கள். அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் எந்த மேசை விசிலடிக்கிறது, எந்த மேசை தலையைக் குனிந்துகொள்கிறது என்று கவுண்டரில் நிற்கிறவனுக்குத் தெரியும். கடல் தாண்டி வந்து ஒரே டார்மிட்டரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர்களை, இரண்டு வெள்ளி பேட்டரி ஸ்பீக்கரால் பிரித்துவிட முடியும். சொந்த ஸ்பீக்கரில் போட்டாலும் எடுத்து வைத்துவிடுவோம், போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஐபிஎல், பிரிமியர் லீக் போடுவீர்களா?

போடுவோம். ஐபிஎல் இரவு ஆட்டம் நம்ம நேரத்துக்குப் பத்து மணிக்குத் தொடங்குவதால் கடைசி ஓவரைப் பார்க்கும் முன்னால் கடையை மூடும்படி ஆகிவிடும், அதற்காக எங்களைத் திட்டாதீர்கள். சனி ஞாயிறில் ஆறு மணி ஆட்டம் இருந்தால் முழுசாகப் பார்க்கலாம். இரண்டும் மோதினால் பெரிய டிவி கிரிக்கெட்டுக்கு, சின்னது கால்பந்துக்கு. சென்னை தோற்றால் ரிமோட்டை எறிகிற பழக்கம் ஒருவருக்கு இருந்தது, அதனால் ரிமோட் இப்போது கவுண்டரை விட்டு நகராது.

சும்மா காசு வைத்து ரம்மி ஆடலாமா?

கூடாது. வீட்டில் சொந்தக்காரர்கள், நண்பர்களோடு காசு வைத்து ஆடுவதைத்தான் 2022 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த சூதாட்டச் சட்டம் அனுமதிக்கிறது, பொது இடத்தில் இல்லை. கேரம் பலகை இருக்கிறது, ஆடுங்கள், பந்தயம் கட்டாமல்.

சாப்பிட என்ன இருக்கிறது?

மட்டன் சுக்கா, மிளகாய்க் கோழி, நெத்திலி வறுவல், அவித்த கடலை, கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்). சைவத்துக்குக் காளான் மிளகு, கோபி வறுவல், தனிச் சட்டி. மாட்டுக்கறி சமைப்பதில்லை, வருகிறவர்களில் நிறையப் பேர் சாப்பிடுவதில்லை என்பதால். பக்கத்துக் கடைப் பிரியாணியை வாங்கிவந்து சாப்பிடலாமா என்றால், பிறந்தநாள் கேக் தவிர வெளிச் சாப்பாடு வேண்டாம். கேக்கை முகத்தில் அப்புவதும் வேண்டாம். தரையைத் துடைப்பவர் ஒருவர்தான்.

முதல் வாய்க்கு முன்னால் விரலை நனைத்து இரண்டு சொட்டுத் தெளிக்கிற வழக்கம் உள்ளவர்கள் தெளித்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் சட்டையில் படாமல் தெளியுங்கள்.

புரட்டாசி, தைப்பூசம் சமயத்தில் கடை உண்டா?

உண்டு, ஆனால் காற்று வாங்கும். புரட்டாசியில் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் கூட்டம்தான், அந்த மாதம் வாடகை கட்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். விரதத்தில் இருக்கிறவர்கள் நண்பர்களைப் பார்க்க மட்டும் வந்து பண்டோங் (ரோஸ் பால்) குடித்துவிட்டுப் போகலாம், ஆல்கஹால் இல்லாத பீரும் இருக்கிறது. மாலை போட்டவர் உள்ளே வந்தால் அந்த மேசைக்குத் தனி டம்ளர், கடையில் புழங்காதது, அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பி டேங்க் ரோட்டுக்குப் போகிற நேரத்தில் கடை மூடியிருக்கும், சாயங்காலம் கழித்துத்தான் திறப்போம். சட்டம் ஒன்றும் கேட்கவில்லை, எங்களுக்கே மனசு வரவில்லை.

சிகரெட்?

உள்ளே கிடையாது. புகை பிடிக்க அனுமதித்த இடம் எங்கே என்று ஊழியர் காட்டுவார், கிளாஸை உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள். வேப் (மின்சிகரெட்) சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், பையில் இருந்து எட்டிப் பார்த்தால்கூட நாங்கள் பார்க்காதது போல் இருக்க மாட்டோம்.

எனக்குப் போதையில்லை, ஏன் ஊற்ற மாட்டேன் என்கிறீர்கள்?

போதை இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எண்ணிக்கை பார்த்து நிறுத்துவதில்லை. ஒரே கதையை மூன்றாம் தடவை சொல்வது, நாற்காலியைத் தேடி உட்காருவது, காரணமில்லாமல் பக்கத்து மேசையை முறைப்பது, இதைப் பார்த்துத்தான். முதலில் தண்ணீர் வரும், அப்புறம் சாப்பாடு வரும், அப்புறம் பில் வரும். பில் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். நண்பர் வழியாக ஆர்டர் செய்தால் நண்பருக்கும் சேர்த்து நிறுத்திவிடுவோம். மறுநாள் வந்து யாரும் எங்களைத் திட்டினதில்லை, அன்றைக்கு ராத்திரிதான் எல்லாத் திட்டும்.

இரண்டே பீர், வண்டி ஓட்டிக்கொண்டு போகலாமா?

சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு கிராப் வாடகை வண்டியில் போங்கள். சிங்கப்பூரில் அளவு 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம், ரத்தம் என்றால் 100 மில்லியில் 80 மில்லிகிராம். முதல் தடவை மாட்டினாலே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம், லைசென்சும் போய்விடும். பஸ் ஓட்டுகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் லைசென்ஸ் போனால் சோறு போனது.

மோட்டார் சைக்கிளில் ஜொகூர் திரும்புகிற அண்ணன்மார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பாலத்துக்கு அந்தப் பக்கம் அளவு இன்னும் குறைவு, 2020இல் மாற்றிவிட்டார்கள், மூச்சில் 22 மைக்ரோகிராம். இங்கே தப்பித்தவர் அங்கே மாட்டலாம். குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் பஸ் ஜொகூரில் லார்க்கின் வரை போகிறது, குடிக்கிற நாளில் அதில் வாருங்கள். கடைசி பஸ் நேரத்தைக் கவுண்டரில் ஒட்டியிருக்கிறோம்.

சண்டை போட்டால் என்ன செய்வீர்கள்?

குரல் உயர்ந்தால் பாட்டை நிறுத்துவோம், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாதி சண்டை அதிலேயே அடங்கிவிடும். கை ஓங்கினால் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவோம், யார் ஆரம்பித்தது என்ற பஞ்சாயத்து நடத்த மாட்டோம். பாட்டிலைத் தூக்கினால் 999, அப்புறம் இந்தக் கடைக்கு வரவே முடியாது. மற்றபடி தடை மூன்று மாதம். தடை முடிந்து வருகிறவரிடம் பழைய கதையை யாரும் எடுக்கக் கூடாது, கேலியாகக்கூட.

வேலை அனுமதியில் இருக்கிற தம்பிகள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளூர்க்காரனுக்கு ஓர் இரவு லாக்கப்போடு முடிகிற விஷயம் உங்களுக்கு வேலையும் போய் விமான டிக்கெட்டில் முடியலாம். யாராவது வம்புக்கு இழுத்தால் நேராக என்னிடம் வாருங்கள்.

போனை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டிராயரில் இருக்கும். ஐசி, வேலை அனுமதி அட்டை, பர்ஸ் என்றால் மறுநாள் கடை திறந்து ஒரு வாரம் வரை வைத்திருப்போம், அப்புறம் போலீசில் ஒப்படைத்துவிடுவோம். குடைகளை மட்டும் ஒப்படைப்பதில்லை, மழை பெய்கிற நாளில் குடை இல்லாமல் வந்தவருக்குக் கொடுத்துவிடுவோம், எனவே உங்கள் குடையை வேறு யாராவது பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் கோபப்பட வேண்டாம், உள்ளே வந்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.